நீர் உலரும் நேரமும் உடல் நிற்கும் நேரமும்

மனித உடலை நேரில் பார்த்து வரைவதும், நீர்வண்ணத்தைக் காட்சியின் எதிரிலேயே அமர்ந்து தீட்டுவதும் ஓவியக் கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் தனித்தனியாக இடம்பெற்றிருந்தாலும், இரண்டையும் சில ஆண்டுகள் தொடர்ந்து பயின்றவர்களின் கையில் அவை ஒரே பயிற்சியாக மாறிவிடுகின்றன. முன்னதில், நிற்பவரின் தசைகள் தளர்வதற்குள் உடலின் நிலையைப் பிடித்தாக வேண்டும். பின்னதில், தாளில் இட்ட நீர் உலர்வதற்குள் வண்ணம் எங்கே ஓடலாம், எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தாக வேண்டும். இரண்டிலும் ஓவியருக்குரிய காலத்தை வேறொன்று அளந்து தருகிறது. அந்தக் காலத்துக்குள் எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவுசெய்யும் திறனே இப்பயிற்சியின் தலையாய பயன் என்பதும், கைபேசிப் படத்தைப் பார்த்துப் பிரதி எடுக்கும் வழக்கம் பெருகிவரும் இந்நாளில் அத்திறன் வளர்வதற்கான வாய்ப்பே குறைந்துவருகிறது என்பதும் இங்கே முன்வைக்கப்படும் கருத்து.

சென்னையில் இப்பயிற்சிக்கு நெடிய மரபு உண்டு. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கி, பின்னர் அரசு ஏற்று நடத்தியதும், இன்று பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் அரசு கவின் கலைக் கல்லூரியாக விளங்குவதுமான ஓவியப் பள்ளி, முதல் பல பத்தாண்டுகள் கைத்தொழிலுக்கும் அலங்கார வேலைக்குமே முதன்மை தந்துவந்தது. 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் பொறுப்பை ஏற்று 1957 வரை நடத்திய காலத்தில்தான், உயிருள்ள மனிதரை எதிரில் நிறுத்தி வரைவதும் வெளியிடங்களுக்குச் சென்று தீட்டுவதும் மாணவர் பயிற்சியின் மையத்துக்கு வந்தன. (மாணவர் வழக்கில் முன்னது ‘லைஃப் ஸ்டடி’ என்றும், வரையப்படுவதற்காக நிற்பவரோ அமர்பவரோ ‘மாடல்’ என்றும் குறிக்கப்படுவர்.) ராய் சௌத்ரி அடிப்படையில் சிற்பி. மெரினா கடற்கரையில் 1959 முதல் நிற்கும் அவருடைய உழைப்பாளர் சிலையை நிதானமாகச் சுற்றிவந்து பார்ப்பவர், பாறையைப் பெயர்க்க முயலும் நால்வரின் உடல்களிலும் விசை குதிகாலில் தொடங்கி இடுப்பு வழியே தோளுக்கு ஏறுவதைக் காணலாம். நேரில் உடல்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கே அத்தகைய தொடர்ச்சி வசப்படும்.

அதே பள்ளியில் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, ராய் சௌத்ரிக்குப் பின் முதல்வராகவும் அமர்ந்த கே.சி.எஸ். பணிக்கர் (1911–1977), சொற்களும் குறியீடுகளும் நிறைந்த பிற்காலப் படைப்புகளாலும் 1966இல் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமத்தாலும் இன்று நினைக்கப்படுகிறார் என்றாலும், இளமையில் அவர் பெயர்பெற்றது நீர்வண்ண நிலக்காட்சிகளால்தான். நவீனத்துக்குச் சென்ற வழி வெயிலிலும் வாய்க்கால் கரையிலும் அமர்ந்து தீட்டிய தாள்களின் ஊடாகவே சென்றது என்பதை, நேரடிப் பயிற்சியைப் பழைமைவாதம் என்று ஒதுக்குவோர் கருத்தில் கொள்வது நல்லது. (தென்னாட்டுக் காட்சிகளை நேரில் வரைந்து நீர்வண்ணம் இடும் வழக்கம் இன்னும் பழையது. தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்னும் ஆங்கிலேய ஓவியர் இருவர் 1792–93இல் தென்னிந்தியா எங்கும் பயணம் செய்து, கோயில்களையும் மலைகளையும் அருவிகளையும் அவ்வாறே பதிவுசெய்தனர். பிறகு அவை இங்கிலாந்தில் அச்சுப் படங்களாக வெளிவந்தன.)

இம்மரபில் தமிழ் வாசகர்களுக்கு மிக நெருக்கமானவர் ‘சில்பி’ என்ற பெயரில் அறியப்பட்ட பி.எம். சீனிவாசன். சென்னை ஓவியப் பள்ளியின் மாணவரான அவர், ஆனந்த விகடனில் வெளிவந்த ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடருக்காக ஊர் ஊராகச் சென்று, கோயில் தூண்களுக்கும் கோஷ்டச் சிற்பங்களுக்கும் முன்னால் அமர்ந்து வரைந்தார். கல்லில் வடித்த உருவம் அசையாது என்பதால் அது எளிய மாடல் என்று தோன்றக்கூடும். ஆனால் மண்டபத்துக்குள் சாய்ந்து விழும் ஒளி ஒருமணி நேரத்துக்குள் இடம் மாறிவிடுகிறது. காலையில் மூக்கின் வலப்புறம் கிடந்த நிழல் உச்சிவேளையில் மோவாய்க்குக் கீழே இறங்கிவிடுகிறது. ஆகவே, தொடக்கத்திலேயே ஓர் ஒளியைத் தேர்ந்து, நிழலின் எல்லைகளை மெல்லிய கோட்டால் குறித்துவைத்து, பிறகு ஒளி எங்கே நகர்ந்தாலும் அந்த எல்லையிலிருந்து விலகாமல் முடிக்கும் கட்டுப்பாடு தேவைப்படுகிறது. மனிதரை வரையத் தயங்கும் தொடக்கநிலையினருக்குக் கோயில் பிராகாரத்தைவிட நல்ல பயிற்சிக்கூடம் தமிழ்நாட்டில் இல்லை என்று துணிந்து சொல்லலாம். அங்கே மாடலுக்குக் களைப்பு கிடையாது. ஒளியின் கெடு மட்டும் உண்டு.

உயிருள்ள உடலுக்கு வரும்போது கெடு இரண்டாகிறது. நிற்பவர் மூச்சுவிடுகிறார், எடையைத் தாங்கும் கால் வலிக்கத் தொடங்கியதும் இடுப்பு அறியாமலே நழுவுகிறது, உயர்த்திய கை சில நிமிடங்களில் தாழ்ந்துவிடுகிறது. இதைத் தடையாகக் கருதாமல் பயிற்சியின் அடித்தளமாகவே மாற்றியவர்களுள் ஒருவர், நியூயார்க்கின் ஆர்ட் ஸ்டூடண்ட்ஸ் லீகில் கற்பித்த கிமோன் நிக்கோலைடிஸ். அவர் 1938இல் மறைந்தபின் 1941இல் வெளியான அவருடைய வரைகலைப் பயிற்சி நூலில் ‘ஜெஸ்சர்’ என்னும் விரைவு வரைவு முதன்மை இடம் பெறுகிறது. ஒரு நிமிடம் அல்லது அதற்கும் குறைவான நேரத்தில், உடலின் வெளிவிளிம்பைப் பின்பற்றாமல், அந்த உடல் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை மட்டும் பென்சிலை எடுக்காமல் கிறுக்கிப் பிடிப்பதே அதன் முறை. அதற்கு நேர்மாறாக, தாளைப் பார்க்காமல் உடலின் விளிம்பில் கண்ணை மெல்ல மெல்ல நகர்த்தி, கண் போகும் வேகத்திலேயே கையையும் நகர்த்துவது ‘கான்டூர்’ எனப்படும் விளிம்புக்கோட்டு வரைவு. முன்னது உடலின் விசையையும் பின்னது உடலின் தொடுபரப்பையும் கற்பிக்கின்றன. ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் பயில்பவரின் உருவங்கள் துடிப்புடன் தளர்ந்தோ, துல்லியத்துடன் விறைத்தோ நின்றுவிடுகின்றன.

விரைவு வரைவில் தொடக்கநிலையினர் பெரும்பாலும் முகத்திலிருந்து தொடங்குகின்றனர்; கண்ணும் மூக்கும் முடிவதற்குள் நேரம் தீர்ந்துவிட, கழுத்துக்குக் கீழே தாள் வெறுமையாக நின்றுவிடுகிறது. பலமுறை இவ்வாறு நேர்ந்த பிறகே, முதலில் தேட வேண்டியது எடை எங்கே இறங்குகிறது என்பதைத்தான் என்ற தெளிவு பிறக்கிறது. நிற்கும் மனிதரின் தொண்டைக்குழியிலிருந்து நேர்கீழாக ஒரு கற்பனைத் தூக்குநூலை விட்டால், அவர் ஒற்றைக்காலில் எடையைத் தாங்கி நிற்கும்போது அது அந்தக் காலின் பாதத்தருகே வந்து இறங்கும். அந்தப் பக்கத்து இடுப்பு உயர்ந்திருக்கும். அதை ஈடுசெய்ய அதே பக்கத்துத் தோள் தாழ்ந்திருக்கும். பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பவர், குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் தாய், கடைவாசலில் சாய்ந்து நிற்கும் இளைஞர் ஆகிய எல்லாருடைய நிலையையும் இந்த மூன்று கோடுகளால் தொடங்கலாம்.

தமிழகச் சிற்ப மரபுக்கு இவ்விதி புதிதன்று. சோழர் காலச் செப்புத்திருமேனிகளில் காணப்படும் திரிபங்க நிலை, அதாவது தலை, உடல், கால் மூன்றும் வெவ்வேறு திசையில் வளைந்து சமநிலை பெறும் நிலை, இதே எடை மாற்றத்தையே வடிவமாக்குகிறது. சிற்பிகளும் மையத் தூக்குநூலை வைத்தே அவ்வளைவுகளை அளக்கின்றனர். ஆயினும் இரண்டு மரபுகளின் நோக்கமும் வேறு. தாலமானம் எனப்படும் சிற்ப அளவுமுறையில், முகத்தை அடிப்படையாகக் கொண்டு முழு உருவத்தின் உயரமும் முன்கூட்டியே வகுக்கப்படுகிறது, சான்றாக, உத்தம தசதாலத்தில் உருவத்தின் உயரம் 124 அங்குலம் (இங்கே அங்குலம் என்பது உருவத்துக்கேற்ப மாறும் ஓர் அலகு, அளவுகோலில் உள்ள அங்குலத்தோடு அதைக் குழப்பிக்கொள்ளலாகாது). தெய்வ உருவம் எப்படி இருக்க வேண்டும் என்பதை அந்த அளவு சொல்கிறது. எதிரில் நிற்கும் இந்த மனிதர் எப்படி இருக்கிறார் என்பதை அறிய, கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலை நிமிர்த்திப் பிடித்து, தலை உயரம் உடலில் எத்தனை முறை அடங்குகிறது என்று ஒவ்வொரு முறையும் புதிதாக அளந்துபார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. நூல்கள் பொதுவாக ஏழரைத் தலை என்று கூறினாலும், கூன்விழுந்த முதியவரிடமும் தரையில் சம்மணமிட்டு அமர்ந்தவரிடமும் அந்தக் கணக்கு செல்லுபடியாகாது.

உருவ வரைவும் நீர்வண்ணமும் ஒன்றையொன்று எவ்வாறு நிறைவுசெய்கின்றன என்பதற்கு ஒகுஸ்த் ரோதேனின் பிற்கால வரைவுகளைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. சிற்பியாகப் பெரும்புகழ் பெற்றபின் அவர் மாடல்களை ஒரே நிலையில் நிறுத்தாமல், கூடத்தில் விருப்பம்போல் நடக்கவும் குனியவும் விட்டு, அவர்களிடமிருந்து கண்ணை எடுக்காமலே பென்சிலால் வரைந்தார். பிறகு அந்தக் கோட்டின் மேல் ஒன்றிரண்டு மெல்லிய நீர்வண்ணப் பூச்சுகளை மட்டும் இட்டார். 1906இல் கம்போடிய மன்னர் சிசோவத்துடன் பிரான்சுக்கு வந்த அரண்மனை நடனப் பெண்களைப் பாரிசில் கண்டதும், அவர் அவர்களைத் தொடர்ந்து மார்செய் நகருக்கே சென்று, சில நாள்களில் ஏறத்தாழ 150 ஓவியங்களை வரைந்தார். அவற்றில் வண்ணம் பல இடங்களில் கோட்டை மீறிப் பரவியிருக்கிறது. சில இடங்களில் கோட்டை எட்டவே இல்லை. அந்த விலகல்தான் நடனத்தின் அசைவைத் தாங்குகிறது. கோட்டுக்குள் அடங்கிய பூச்சே நல்ல பூச்சு என்று பள்ளிப்பருவம் முதல் பழக்கப்படுத்தப்பட்ட கைக்கு, இந்த ஓவியங்களைப் பார்ப்பதே ஒரு விடுதலையாக அமையும்.

நீர்வண்ணம் குழந்தைகளுக்கானது என்றும், அதில் தேறியவர் எண்ணெய் வண்ணத்துக்கு உயர்கிறார் என்றும் ஒரு கருத்து பரவலாக உள்ளது. இது முற்றிலும் தவறு. நுண்ணிய நிறமித் தூளை வேலமர வகைப் பிசினில் குழைத்துச் செய்யப்படும் இவ்வண்ணத்தில் ஒளி மேற்பூச்சை ஊடுருவிச் சென்று, வெள்ளைத் தாளில் பட்டு, மீண்டும் அதே பூச்சின் வழியே கண்ணுக்குத் திரும்புகிறது. எனவே படத்தின் வெண்மை என்பது பூசாமல் விட்ட தாளே. எண்ணெய் வண்ணத்தில் இருளின் மேல் ஒளியைக் கடைசியில் வைக்கலாம். நீர்வண்ணத்தில் ஒளி எங்கே என்பதை முதல் தூரிகை படுவதற்கு முன்பே முடிவுசெய்திருக்க வேண்டும். இட்ட வண்ணம் காய்ந்தபின் வெளிறிவிடும் என்பதால், ஈரத்தில் சற்று மிகையாகத் தோன்றும் அடர்த்தியே காய்ந்தபின் சரியாக அமையும் என்ற கணிப்பும் கைக்கு வர வேண்டும். இத்தனை முன்யோசனை கேட்கும் ஊடகத்தைத் தொடக்கநிலைக்கு மட்டும் உரியது என்று ஒதுக்குவது அதன் இயல்பை அறியாததன் விளைவு.

பொருள்களுள் முதல் செலவு தாளுக்கே உரியது. மாணவர் தர வண்ணக் குழாய்களைக் கொண்டும் நன்றாகத் தீட்ட முடியும். மெல்லிய மரக்கூழ்த் தாளில் எவ்வளவு விலையுயர்ந்த வண்ணமும் திட்டுத்திட்டாக நின்றுவிடும். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாள் நீரை மெதுவாக உறிஞ்சி, நீண்ட நேரம் ஈரத்தைத் தக்கவைத்து, ஓரளவு துடைத்தெடுக்கவும் இடம் கொடுக்கிறது. வண்ணத்தை அகலமாகப் பரப்பி இடும் பூச்சுக்கு ‘வாஷ்’ என்று பெயர். ஈரத்தாளின் மேல் ஈர வண்ணத்தை இட்டால் விளிம்புகள் கரைந்து மென்மையாகப் பரவும். காய்ந்த தாளின் மேல் இட்டால் விளிம்பு கூர்மையாக நிற்கும். உருவத்தைத் தீட்டும்போது இந்த இரண்டின் தேர்வே உடற்கூற்று அறிவுக்குச் சமமான வேலையைச் செய்கிறது: வளைந்து திரும்பும் கன்னத்துக்கு மென்விளிம்பு, மூக்கின் கீழ் விழும் நிழலுக்கு வன்விளிம்பு, வயிற்றின் திரட்சிக்கு மென்விளிம்பு, முட்டி எலும்பு துருத்தும் இடத்துக்கு வன்விளிம்பு.

இங்கே தட்பவெப்பமும் ஓர் ஆசிரியராகிறது. குளிர்நாட்டு நூல்கள் கூறும் உலரும் நேரத்தை நம்பிச் சித்திரை வெயிலில் வெளியே அமர்பவர், பூச்சின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தூரிகை திரும்புவதற்குள் விளிம்பு காய்ந்து வரிவரியாக நிற்பதைக் காண்பார். தாளின் இருபுறமும் நனைத்துப் பலகையில் ஒட்டவைப்பது, பெரிய தூரிகையில் தாராளமாக நீர் எடுப்பது, வெயில் நேரே விழாதபடி பலகையைத் திருப்பிக்கொள்வது, காலை எட்டு மணிக்குள் பெரிய பூச்சுகளை முடித்துவிடுவது ஆகியவை அனுபவம் கற்பிக்கும் மாற்றுகள். ஐப்பசி, கார்த்திகை மழைநாள்களில் நிலைமை தலைகீழாகிறது. முதல் பூச்சு நெடுநேரம் காயாது. பொறுமையிழந்து அரைகுறை ஈரத்தின் மேல் நீர் மிகுந்த தூரிகையை வைத்தால், புதிய நீர் பழைய நிறமியை ஒதுக்கித் தள்ளி, நெளிந்த ஓரமுள்ள வெளிறிய திட்டு உண்டாகும். தாளைச் சாய்த்துப் பார்த்து, பளபளப்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கொண்டு ஈரத்தைக் கணிப்பதே நீர்வண்ணக்காரரின் முதன்மைத் திறன். பளபளப்பு முழுதாக இருக்கையில் இன்னொரு வண்ணத்தை இறக்கலாம். அது மங்கத் தொடங்கியதும் தூரிகையை விலக்கிவிட வேண்டும். தாள் தொட்டால் சில்லென்று இராத அளவு காய்ந்த பிறகே அடுத்த பூச்சைத் தொடங்க வேண்டும்.

தோலின் நிறம் குறித்துத் தனியே பேசியாக வேண்டும். ஏனெனில் இத்துறையில் தமிழ் மாணவர்களுக்குப் பெருங்கேடு விளைவித்திருப்பது, வெளிறிய தோலை மனதில் கொண்டு எழுதப்பட்ட வண்ணக் கலவைக் குறிப்புகளே. சதை நிறம் என்று விற்கப்படும் இளஞ்சிவப்புக் குழாயில் தொடங்கி, மாநிறத்தை அடைவதற்காக அதில் கறுப்பைக் கலப்பவரின் படத்தில் தோல் சாம்பல் படிந்து உயிரற்றுப் போகிறது. நேரில் பார்க்கும் கண் வேறு ஒன்றைக் கண்டுகொள்ளும். கருந்தோலில் ஒளியின் பிரதிபலிப்பு பளிச்சென்று தெரியும். திறந்த வெளியில் நெற்றியிலும் தோள்மேட்டிலும் கன்ன எலும்பிலும் விழும் ஒளித்திட்டுகளில் வானத்தின் நீலச்சாயல் தெளிவாக இருக்கும். ஒளி நேரே படும் பக்கத்தில் செம்மண் நிறமும், திரும்பும் விளிம்பில் ஊதாவும், மோவாய்க்குக் கீழே அணிந்திருக்கும் சட்டையின் நிறமும் தோன்றும். சுட்ட சியன்னா என்னும் செம்பழுப்பையும் அல்ட்ராமரைன் நீலத்தையும் வெவ்வேறு விகிதத்தில் கலந்தாலே வெயிலேறிய பழுப்பிலிருந்து ஆழ்ந்த கருமை வரை ஒரு நீண்ட வரிசை கிடைக்கிறது. அல்ட்ராமரைனின் துகள்கள் தாளின் குழிகளில் சிறிது தங்கிவிடுவதால் அந்த இருளுக்குள்ளும் ஒளி ஊடாடுகிறது. கறுப்புக் குழாயைப் பெட்டியிலிருந்தே அகற்றிவிட்டுச் சில மாதங்கள் பயில்வது ஒவ்வொரு மாணவருக்கும் பரிந்துரைக்கத் தக்கது. நம் மக்களின் நிறம் அழகானது, நுட்பமானது, வரையக் கடினமானது. அதற்குரிய கவனத்தைச் செலுத்துவது ஓவியரின் கடமை.

ஒளிப்படத்தைப் பார்த்து வரைவதில் என்ன குறை என்ற வினா இவ்விடத்தில் எழுவது இயல்பு. படம் ஒற்றைக் கண்ணால் பார்க்கிறது. அருகிலிருந்து எடுத்த முகத்தில் மூக்கு பெருத்துக் காதுகள் பின்வாங்குகின்றன. வெயிலில் எடுத்த படத்தில் நிழல்கள் கரும்பரப்பாக அடைபட்டு, மேலே கூறிய ஊதாவும் நீலமும் மறைந்துவிடுகின்றன. இவற்றை அறிந்தவர் ஓரளவு திருத்திக்கொள்ளலாம். திருத்த முடியாத குறை வேறொன்று: படம் காத்திருக்கிறது. எவ்வளவு நேரம் எடுத்தாலும் அது மாறாது என்பதால், எல்லாவற்றையும் வரைந்துவிடலாம் என்ற எண்ணம் தோன்றி, சட்டையின் பொத்தானுக்கும் கண்ணின் பார்வைக்கும் ஒரே அளவு உழைப்பு செலவாகிறது. நேரில் நிற்பவர் இன்னும் சில நிமிடங்களில் எழுந்துவிடுவார் என்ற அறிவு, பொத்தானை விடவைக்கிறது. ஒளிப்படத்தை நினைவுக்குத் துணையாகக் கொள்வதில் பிழையில்லை. பல ஆண்டுகள் நேரில் வரைந்தவர் ஒரு படத்திலிருந்தும் உயிருள்ள உருவத்தை எடுத்துவிடுவார். படத்திலேயே தொடங்கிப் படத்திலேயே தங்கிவிட்டவருக்கு அது கைகூடுவதில்லை.

வரையப்படும் மனிதர்களைப் பற்றிய பேச்சு ஓவிய நூல்களில் குறைவு. கல்லூரிக் கூடங்களில் மணிக்கணக்கில் அசையாமல் அமர்பவர்கள் பெரும்பாலும் எளிய வருவாய் கொண்டவர்கள், பலர் முதியவர்கள். அசையாதிருப்பது கடுமையான உடலுழைப்பு என்பதை அறிய, ஒவ்வொரு மாணவரும் ஒருமுறையேனும் மாடலாக அமர்ந்து பார்க்க வேண்டும். இருபது, இருபத்தைந்து நிமிடங்களுக்கு ஒருமுறை ஓய்வு, நியாயமான கூலி, வரைந்ததை அவருக்குக் காட்டும் பண்பு ஆகியவை பாடத்தின் பகுதியாகவே கருதப்பட வேண்டும். பொது இடங்களில் வரைவோருக்கும் இது பொருந்தும். எழும்பூர் ரயில் நிலையத்தின் காத்திருப்போர் இருக்கைகளும், மெரினா மணலும், சந்தைத் திண்ணைகளும் சிறந்த பயிற்சிக் களங்கள். கூட்டம் சுற்றி நின்று பார்ப்பது தொடக்கத்தில் கூச்சத்தைத் தந்தாலும், அக்கூட்டமே நேர்மையான விமர்சகராகவும் அமைகிறது. உருவம் ஒத்திருந்தால் யாரென்று ஊரார் உடனே பெயர் சொல்லிவிடுவார்கள். வரையப்படுபவர் கவனித்துவிட்டால் நிமிர்ந்து பார்த்து இசைவு கேட்பதும், அவர் விரும்பாவிட்டால் தாளைத் திருப்பிவிடுவதும் மரியாதை.

பயிலும் முறையைப் பொறுத்தவரை, ஓர் அமர்வை விரைவு வரைவுகளில் தொடங்கி, ஐந்து நிமிட வரைவுகளுக்கும், பின்னர் இருபது நிமிட நிலைக்கும் நீட்டி, கடைசியில் அதே நிலையை ஒரே பழுப்பு நிறத்தில் ஒளி, இடைநிறம், நிழல் என மூன்றே அடர்த்திகளில் தீட்டிப்பார்ப்பது பயன் தருகிறது. ஒரே நிறத்தில் உருவத்தைத் திரட்டத் தெரிந்தபின் பல நிறங்கள் வந்தால் அவை குழப்புவதில்லை. மாடலுக்குப் பணம் கொடுக்க இயலாதவர்க்கு வீட்டில் செய்தித்தாள் படிக்கும் பெரியவரும், காய் நறுக்குபவரும், உறங்கும் குழந்தையும் இருக்கின்றனர். ஒரு மணி நேரம் அசையாதிருக்க வேண்டும் என்று அவர்களை வற்புறுத்தாமல், அவர்கள் இயல்பாக ஒரு நிலையில் தங்கும் நேரத்தையே கெடுவாக ஏற்றுக்கொள்ளலாம்.

ஒவ்வொரு தாளின் அடியிலும் நாளையும், வரைய எடுத்த நிமிடங்களையும் குறித்துவைப்பது மிக நல்ல வழக்கம். அழகாக அமைந்ததை எடுத்துவைத்து மற்றவற்றைக் கிழித்தெறிவோருக்குத் தம் வளர்ச்சியை அளக்கச் சான்றே இல்லாமல் போகிறது. ஓராண்டு கழித்து ஐந்து நிமிடத் தாள்களை மட்டும் எடுத்து நாள்வரிசையில் பரப்பினால், கொடுக்கப்பட்ட நேரம் மாறாதிருக்க, கோடுகளின் எண்ணிக்கை குறைந்தும், விட்ட வெண்மை கூடியும், உருவம் அதிக உறுதியுடன் தரையில் நிற்கவும் காணலாம். எதை விடுவது என்பதைக் கண் கற்றுக்கொண்டதற்கு அதுவே சான்று. தொடங்க விரும்புவோர் முதல் தாளிலிருந்தே அதைச் சேர்க்கத் தொடங்கலாம்.